ஒரு தடவை கேட்டால் போதும்

நாலு மணிக்குக் கொண்டுபோய் வைத்த சாயா ஆறே முக்காலுக்கும் அப்படியே இருந்தது. மேலே ஆடை படிந்து, அதில் ஓர் எறும்பு ஒட்டிக் கிடந்தது. இசக்கிசெல்வி அந்தக் கண்ணாடித் தம்ளரை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். மேலே அறையில் வீட்டுக்காரி சுல்ஃபத் இத்தா ஃபோனில் யாரிடமோ ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் என்று கத்திக்கொண்டிருந்தாள். கட்டிலில் டெரிக் சாயிப்பு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். அடுப்பங்கரைக்கு வந்த செல்வி சாயாவைத் தொட்டியில் கொட்டினாள். தம்ளரைச் சோப்புப் போட்டு ஒன்றுக்கு மூன்று தடவை கழுவிக் கவிழ்த்தாள். மாடியில் ஒரு மனுஷர் செத்துக் கிடக்கும்போது தம்ளர் கழுவுகிறோமே என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. மறுநாள் காலையில் அதே தம்ளரைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. கீழே சுல்ஃபத் இத்தா குடியிருந்தாள். மாடியில் மூன்று அறைகள், வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு. இத்தாவின் வாப்பா காலத்தில் அந்த மாடி முழுக்கச் சுக்கு மூட்டை அடுக்கியிருந்தார்களாம். இன்றைக்கும் மழைக்காலத்தில் பலகைத் தரையிலிருந்து சுக்கு வாசம் எழும்பும். சாயிப்புகள் அதை மூக்கால் இழுத்து ஆகா ஓகோ என்பார்கள். வெள்ளைத் தோல் எந்த நாட்டுக்காரருடையது ஆனாலும் கொச்சிக்காரர்களுக்குச் சாயிப்புதான். இத்தாவின் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், கோபம் வந்தால் மலையாளம். செல்வி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கலியாணமாகி வந்து இருபத்துநாலு வருஷம் ஆகிறது. புருஷன் சுடலைமணி வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் மூட்டை சுமக்கிறான். மகள் சுபாஷிணி எர்ணாகுளத்துக்குப் பஸ் ஏறிப் போய் பி.காம் படிக்கிறாள். ஆறு வருஷமாக அந்த வீட்டில் சமையல், அறை பெருக்குவது, விரிப்பு மாற்றுவது எல்லாம் செல்விதான்.

ஆறு வருஷத்தில் இங்கிலீஷ் காதுக்கு வந்துவிட்டது. வாய்க்குத்தான் வரவில்லை. வந்த புதிதில், படியேறிப் போகிற ஒரு மதாம்மா சிரித்துக்கொண்டே “ஹவ் ஆர் யூ?” என்று கேட்டாள். இவ்வளவு தூரத்திலிருந்து வந்தவள் நம்மைப் போய்க் கேட்கிறாளே என்று செல்விக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. முட்டுவலி, சுடலைமணியின் சர்க்கரை, மகளுக்கு அந்த வாரம் வந்திருந்த காய்ச்சல் என்று சொல்வதற்கு நிறைய இருந்தது. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிக் கோத்து “நீ பெய்ன்…” என்று தொடங்கியபோது மதாம்மா மேல்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எடீ, அது விசேஷம் கேக்குறதில்ல. ஃபைன்னு சொல்லு, அது மதி, போதும்.” அதன்பிறகு செல்வி ஃபைன் சொல்லப் பழகிக்கொண்டாள். முட்டு விண்விண்ணென்று தெறிக்கும்போதும் ஃபைன், சுடலைமணி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் ஃபைன். கொதிக்கிற பானைக்கு மூடி போடுகிற மாதிரி ஒரு சொல் என்று அவளுக்குப் பட்டது.

அது பெரிய சங்கடமில்லை. சாப்பாட்டு விஷயம்தான் அவளைப் படுத்தியது. செல்வி பிறந்த ஊரில் வந்தவர் யாரும் முதல் தடவையே சரி என்று சொல்ல மாட்டார்கள். “இப்பத்தான் சாப்பிட்டேன், வேண்டாம்” என்பார்கள். பொய் என்று கேட்பவருக்கும் தெரியும். இரண்டாம் தடவை கேட்டால் “சரி, கொஞ்சூண்டு” என்பார்கள். மூன்றாம் தடவை யாரும் கேட்பதில்லை, கரண்டியைச் சரித்துவிடுவார்கள். கலியாணமான புதிதில் சுடலைமணியின் அக்கா மாயம்மாள் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தாள் செல்வி. இரண்டு கரண்டி சோறு விழுந்ததும் மரியாதைக்கு “போதும் மதினி” என்றாள். மாயம்மாள் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள் போனவள்தான். பசியோடு படுத்த அந்த ராத்திரியைச் செல்வி இருபத்துநாலு வருஷமாக மன்னிக்கவில்லை. “ஒத்த வார்த்தையில பானையத் தூக்கிட்டுப் போனவ” என்று பொங்கலுக்குப் பொங்கல் சொல்லிக் காட்டுவாள்.

அப்படிப்பட்டவள் விருந்தாளிகள் தங்கும் வீட்டில் சமைத்தால் என்ன ஆகும்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்து தங்கிய ஒரு தம்பதி நாலு ஆப்பம் தின்றபின் நோ என்றார்கள். செல்வி ஐந்தாவதைப் போட்டாள். நோ நோ என்று தட்டை மறைத்தார்கள். கையை விலக்கிவிட்டு ஆறாவதைப் போட்டாள். அவர்கள் ஊருக்குப் போய்க் கம்ப்யூட்டரில் எழுதினார்கள். வீடு அழகு, சாப்பாடு பிரமாதம், ஆனால் சமையல்காரி நாம் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அவளுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் இரண்டு மாதம் மாடி காலியாகக் கிடந்தது. இத்தா அதை வரிவரியாக வாசித்துக் காட்டினாள். “ஒரு தடவை கேளு செல்வி. நோன்னா நோ தான். கதவண்ட நிக்காத, மூஞ்சியப் பாக்காத, வந்துரு. அவங்களுக்கு அதுதான் மரியாத.” செல்வி தலையை ஆட்டினாள். தான் ஆசையாகப் போட்ட ஆப்பம் ஒருத்தருக்கு இம்சையாக இருந்திருக்கிறது என்பது அவளைக் குத்தியது. சூடுகண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். அடுப்பங்கரையிலேயே கிடக்க வேண்டிய பூனை என்ன செய்யும்? அன்றிலிருந்து ஒரு தடவைதான் கேட்பாள்.

டெரிக் சாயிப்பு ஜனவரிக் கடைசியில் தனியாக வந்தார். எழுபது வயதுக்கு மேல். இங்கிலாந்தில் ஏதோ ஊரில் பஸ் ஓட்டியவராம். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெண்டாட்டியும் அவரும் சேர்ந்து வருவதாக இருந்த பயணம் இது, அந்தம்மா இறந்துவிட்டாள், இப்போதுதான் மனசு வந்தது என்று இத்தாவிடம் சொல்லியிருந்தார். தின்ற தட்டைத் தானே கொண்டுவந்து தொட்டியில் வைப்பார். யாரோ கற்றுக்கொடுத்ததை வைத்துக்கொண்டு செல்வியிடம் “நன்னி, நன்னி” என்று நன்றி சொல்வார். அது மலையாளம், நான் தமிழ்க்காரி என்று அவள் சொன்னதில்லை. காலையில் மூன்று தோசை தின்பார். நாலாவதைக் கேட்டால் “நோ, ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ.” சொல்லும்போது கண் தோசைச் சட்டியில் இருக்கும். செல்விக்கு அந்தக் கண் தெரியும், அவள் ஊரில் எல்லாருக்கும் இருக்கிற கண்தான். ஆனாலும் வாய் சொன்னதையே கேட்டுக்கொண்டு சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கே வெயிலில் சுற்றிவிட்டுத் திரும்பினார். படியில் இரண்டு தடவை நின்றார். மத்தியானம் சாப்பிட இறங்கவில்லை. நாலு மணிக்குச் செல்வி சாயா போட்டு எடுத்துக்கொண்டு போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் சட்டைக் கழுத்து நனைந்து ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் பூசினாற்போல் இருந்தது.

“சார், ஓக்கே?” என்றாள் செல்வி.

அவர் நிமிர்ந்து சிரித்தார். “ஐ ஆம் ஃபைன். டோன்ட் ட்ரபிள் யுவர்செல்ஃப்.”

அவள் நின்றாள். எவ்வளவு நேரம் என்று பிறகு எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். சாயாவை மேஜையில் வைத்து, தம்ளரைக் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்துகிற நேரம். கை நெற்றியைத் தொட்டுப் பார் என்றது. வாய் இன்னொரு தடவை கேள் என்றது. கதவண்ட நிக்காத, மூஞ்சியப் பாக்காத என்றது இத்தாவின் குரல். மூன்றாவது சொன்னதைக் கேட்டாள். அவருக்கு ஓய்வாக இருக்கட்டும் என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டும் வந்தாள். ஒருக்களித்திருந்த கதவை முழுசாகச் சாத்தியது அவள்தான்.

எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சடைப்பு என்றார்கள். உயிர் போய் ஒரு மணி நேரமாவது இருக்கும் என்றார்களாம். வலி தொடங்கியபோதே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை இத்தா மறுநாள் காலையில் செல்வியிடம் மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

“நாலு மணிக்கு நீ போனியா மேல?”

“போனேன் இத்தா. வேர்த்து ஊத்திச்சு. முகமே சரியில்ல. கேட்டேன். ஃபைன்னாரு.”

இத்தா நாற்காலியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். நல்ல மனுஷிதான். முந்தின நாள் மாலை ஆம்புலன்ஸில் அந்த மனுஷர் கையைப் பிடித்தபடி துவா ஓதிக்கொண்டே போனவள். ஆனால் அவளுக்கும் இந்த வீட்டை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. “அது யார்கிட்டயும் பறைய வேண்டா. போலீஸ்கிட்ட அவர் ஒறங்கிட்டிருந்தார்னுதான் நான் சொல்லியிருக்கேன். மகள்கிட்டயும் ஃபோன்ல அதான் சொன்னேன், ஒறக்கத்துல போனார்னு. ஆளு சாகக் கெடந்தப்போ கண்டுட்டும் கதவ அடைச்சாங்கன்னு யாராச்சும் எழுதினா இந்த வீட்டப் பூட்ட வேண்டியதுதான் மோளே. எனக்கும் பிழைப்பு இல்ல, உனக்கும் இல்ல.”

செல்வி அதற்கும் தலையை ஆட்டினாள். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அந்தச் சோற்றை எப்படித் தின்பது? நாலு நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மட்டாஞ்சேரியிலேயே செறளாயிப் பக்கம் இருந்த தங்கள் ஓட்டு வீட்டில் சுடலைமணி அவளைச் சமாதானப்படுத்திப் பார்த்தான்.

“ஏட்டி, நீ என்ன டாக்டரா? அவுக நல்லாருக்கேன்னு சொன்னா நீ நல்லாருக்காருன்னுதான நெனைப்ப?”

“நான் நெனைக்கல. அது பொய்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சுதான் வந்தேன்.”

“சரி. சொல்லி என்ன ஆவப் போவுது? அந்தப் பிள்ள அப்பன் தூக்கத்துல போய்ட்டாருன்னு நிம்மதியா இருக்கும். அந்த நிம்மதியும் போவும், ஒன் வேலையும் போவும்.”

அவன் சொன்னதிலும் தப்பில்லை. அதனால்தான் செல்விக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சொன்னால் அந்தப் பெண்ணின் தலையில் கல்லைப் போடுவது. சொல்லாவிட்டால் தன் நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு இருப்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் மகளிடம் ஒரு தாளைக் கொடுத்து இங்கிலீஷில் நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னாள். சுபாஷிணிக்கு மலையாளம் மணிமணியாக வரும், செல்விக்கு அது ஓர் எழுத்தும் தெரியாது. தமிழ் எழுத்தில் எழுது என்றதற்கு மகள் பேனாவைக் கடித்து, ணகரமா னகரமா என்று கேட்டு, கோணல்மாணலாக மூன்று வரி எழுதிக் கொடுத்தாள். யுவர் ஃபாதர் வாஸ் நாட் வெல். ஐ சா. ஐ டிட் நாட் ஆஸ்க் அகெய்ன்.

“அம்மா, இது எந்தினு?” என்றாள்.

“சொல்லணும்னா சொல்லுததுக்கு” என்றாள் செல்வி. தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

சாயிப்பின் மகள் சனிக்கிழமை வந்தாள். பெயர் ஹெலன், நாற்பது வயது இருக்கும். அப்பனைப் போலவே உயரம், அப்பனைப் போலவே தலையைக் குனிந்து வாசலில் நுழைந்தாள். பிணவறை, போலீஸ் ஸ்டேஷன், விமான ஆபீஸ் என்று இரண்டு நாள் இத்தாவோடு காரில் அலைந்தாள். அழவில்லை. யார் என்ன கேட்டாலும் “ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ.” பிணவறை வாசலில் இத்தா தண்ணீர் பாட்டிலை நீட்டியபோதும் அதுதானாம். சனிக்கிழமை ராத்திரி ஒன்றும் சாப்பிடவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாழைப்பழம். செல்வி ஒரு தடவை கேட்டாள். ஃபைன் என்றாள். செல்வி தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வந்து அடுப்பங்கரையில் நின்று அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஊரில் துக்க வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பொங்கி எடுத்துக்கொண்டு வருவார்கள். சாப்பிடுகிறாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்டால் எந்த மகள் வேண்டும் என்று சொல்வாள்? பக்கத்தில் உட்கார்ந்து, உருட்டிக் கையில் வைத்து, “தின்னுட்டு அழு” என்பார்கள். செல்வியின் அப்பன் செத்த அன்று யாரோ ஒருத்தி அப்படித்தான் அவள் வாயில் ஒரு வாய் காப்பியை ஊற்றினாள். யார் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை, காப்பி தொண்டையில் இறங்கிய சூடு ஞாபகம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி வாக்கில் இத்தா ஏதோ காகிதத்தை நகல் எடுக்கப் பஜாருக்குப் போயிருந்தாள். செல்வி மாற்று விரிப்போடு மாடி ஏறினாள். ஹெலன் கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்து அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். செல்வியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்பா ஞாயிற்றுக்கிழமை தோறும் ஃபோனில் உன்னைப் பற்றிச் சொல்வார், உன் தோசையைப் பற்றிச் சொல்வார், அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு ரொம்ப நன்றி என்றாள். மெதுவாகச் சொன்னாள், ஒவ்வொரு சொல்லும் செல்விக்குப் புரிந்தது.

அந்த நன்றியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. நெஞ்சுக்குள் மடித்து வைத்திருந்த தாள் நெருப்பாக உறுத்தியது. கையை உருவிக்கொண்டு தாளை எடுத்துப் பிரித்தாள். மூன்று நாள் வியர்வையில் எழுத்து ஊறியிருந்தது. ஆனால் அவளுக்கு அது மனப்பாடம்.

“யுவர் ஃபாதர் வாஸ் நாட் வெல்” என்றாள். “டியூஸ்டே. ஃபோர் ஓ கிளாக். ஐ சா.”

ஹெலன் கட்டிலில் கிடந்த சட்டையைக் கையில் எடுத்தாள். அவர் தூங்கிக்கொண்டிருக்கவில்லையா என்று கேட்டாள்.

“நோ ஸ்லீப். சிட்டிங்.” செல்வி கட்டில் விளிம்பைக் காட்டினாள். கழுத்தைத் துடைத்துக் காட்டினாள். “மெனி வாட்டர். ஃபேஸ் நாட் குட். ஐ ஆஸ்க், ஓக்கே? ஹீ ஸே, ஐ ஆம் ஃபைன்.”

ஹெலனின் முகம் ஒரு பக்கமாகக் கோணிற்று. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் தன்னிடமும் அதைத்தான் சொன்னார், குரல் இளைத்திருந்தது, தனக்கும் பட்டது, ஆனால் வெளியே கிளம்ப நேரமாகிவிட்டது என்று ஃபோனை வைத்துவிட்டதாகச் சொன்னாள். அவர் எப்போதும் அப்படித்தான். ஒரு தடவை கேட்டால் உண்மை வராது. சாப்பாட்டில் இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார். அம்மா கேட்கவே மாட்டாள், தட்டில் போட்டுவிடுவாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே முழுசும் தின்பார்.

அம்மா தட்டில் போட்டுவிடுவாள். அந்த இடம் செல்விக்குத் தெளிவாகக் கேட்டது. கடல் தாண்டி ஏதோ ஓர் ஊரில், பஸ் ஓட்டிவிட்டு வந்த புருஷனுக்கு ஒருத்தி கேட்காமல் கரண்டியைச் சரித்திருக்கிறாள். சங்கரன்கோவிலில் செய்கிற மாதிரியே செய்திருக்கிறாள். அவள் இறந்தபின் அந்த மனுஷர் நாலாவது தோசையைக் கண்ணால் கேட்டுக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் போய் நான் மாயம்மாள் மதினியாக இருந்தேனே, ஒத்த வார்த்தையில் பானையைத் தூக்கிக்கொண்டு போனேனே என்று செல்விக்கு அழுகை வந்தது.

மூன்றாவது வரி பாக்கி இருந்தது. “ஐ டிட் நாட் ஆஸ்க் அகெய்ன்” என்றாள். தாளில் இல்லாததையும் தானாகச் சொன்னாள். “ஐ நோ. ஐ நோ நாட் ஃபைன். ஐ குளோஸ் டோர்.” கதவைக் காட்டினாள்.

ஹெலன் கதவைப் பார்த்தாள். கீழே சந்தில் யாரோ ஆட்டை விரட்டுகிற சத்தமும், தூரத்தில் படகுத்துறைப் பக்கம் மோட்டார் சத்தமும் கேட்டன. பிறகு அவள் தலையை நிமிர்த்தி, “இட்ஸ் ஆல்ரைட்” என்றாள். “டோன்ட் ஒர்ரி. இட்ஸ் ஆல்ரைட், ரியலி.” சொல்லிவிட்டு, அந்தச் சட்டையைத் திரும்பவும் பிரித்து, திரும்பவும் மடிக்கத் தொடங்கினாள்.

செல்வி விரிப்பைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கீழே வந்தாள். மன்னித்துவிட்டாளா? அந்தச் சொல் உள்ளேயிருந்து வந்ததா, இல்லை, இதுவும் ஃபைன் மாதிரி ஒரு மூடிதானா? நீ போ, நான் தனியாக இருக்க வேண்டும் என்பதை அவர்கள் ஊரில் இப்படித்தான் சொல்வார்களோ? ஆறு வருஷம் கேட்ட காதுக்கு அது பிடிபடவில்லை. நாளைக்குப் போய் இத்தாவிடம் கேட்கலாம், சொல்லி வீட்டைப் பூட்ட வைத்துவிட்டாயே என்று இத்தா தலையில் அடித்துக்கொள்வாள். சுபாஷிணியிடம் கேட்கலாம், அவள் புஸ்தகத்தில் இருக்கிற அர்த்தத்தைச் சொல்வாள். அடுப்பங்கரைச் சுவரில் கடிகாரம் நாலாகப் பத்து நிமிஷம் காட்டியது.

பாலைக் காய்ச்சினாள். சர்க்கரை இரண்டு கரண்டி கூடப் போட்டாள். அந்தக் கண்ணாடித் தம்ளரையே எடுத்தாள். எடுக்கக் கை கூசியது, ஆனாலும் அதைத்தான் எடுத்தாள். ஒரு தட்டில் இரண்டு தோசையும் கொஞ்சம் சட்னியும் வைத்தாள். ஒவ்வொரு படியிலும் முட்டு வலித்தது.

ஹெலன் பெட்டியை மூடியிருந்தாள். கட்டில் விளிம்பில், அப்பன் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். செல்வி சாயாவையும் தட்டையும் மேஜையில் வைத்தாள்.

“ஓ, நோ. தேங்க் யூ. ஐ ஆம் ஃபைன்.”

செல்வி போகவில்லை. முகத்தைப் பார்த்தாள். “ஈட்” என்றாள்.

“ரியலி, ஐ ஆம் ஃபைன்.”

அதற்குமேல் செல்விக்கு இங்கிலீஷ் இல்லை. “சரிம்மா” என்றாள் தமிழில். “நீ நல்லாருக்க. நான் இங்கனயே இருக்கேன்.” மேஜையிலிருந்த தம்ளரை எடுத்து அந்தப் பெண்ணின் கையைப் பிரித்து உள்ளே வைத்து, விரல்களை மேலே மூடிவிட்டாள். விருந்தாளி அறையில் உட்காரக் கூடாது என்பது ஆறு வருஷத்துச் சட்டம். வாசலுக்கு வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். முதுகைக் கதவில் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டாள். பழைய தேக்குக் கதவு அவள் பாரத்தில் சுவரோடு ஒட்டி நின்றது.

கீழே வாசல் திறக்கிற சத்தம் கேட்டது. “செல்வீ…” என்று இத்தா கூப்பிட்டாள். “எடீ செல்வீ, எவிடெயா நீ?” செல்வி இருந்த இடத்தை விட்டு எழவில்லை. ஹெலனும் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தன் கையிலிருந்த தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயாவின் மேல் இன்னும் ஆடை படியவில்லை, ஆவி மட்டும் அவள் முகத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.